மரத்தை எதால் அளப்பது? டேப், கைபேசி, லைடார், ட்ரோன்: ஓர் ஒப்பீடு

தேக்கும் மலைவேம்பும் நட்டு ஏழெட்டு வருஷம் ஆனவர்களிடமிருந்து இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது. போனில் படம் எடுத்தே மரத்தை அளந்துவிடலாம் என்கிறார்களே, நம்பலாமா? ட்ரோன் விட்டால் தோப்பு முழுக்க ஒரே நாளில் முடிந்துவிடுமா? இல்லை, டேப்பைப் பிடித்துக்கொண்டு மரம் மரமாகச் சுற்றத்தான் வேண்டுமா?

கேட்பவர்களின் நிலைமை ஒன்றுபோல இல்லை. ஒருவர் வரப்போரத் தேக்கை வியாபாரிக்குக் கொடுக்கப் போகிறார். இன்னொருவர் நாற்பது ஏக்கர் மலைவேம்பைப் பராமரிக்கிறார், பிளைவுட் ஆலைக்கு எப்போது வெட்டுவது என்று தெரிய வேண்டும். மூன்றாமவருக்கு உரம் போட்ட பாத்தியில் மரம் கூடுதலாகப் பருத்ததா என்று பார்க்க வேண்டும். மூவருக்கும் ஒரே கருவியைச் சொன்னால் இரண்டு பேருக்காவது காசு வீண். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கைக்கு எட்டும் சுற்றளவுக்கு டேப்பை எதுவும் இன்னும் வெல்லவில்லை. கேமராவின் உண்மையான பலம் கை எட்டாத இடத்தில் இருக்கிறது. ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

அந்த எண் எதற்கு? விற்கவா, வெட்டும் நேரம் பார்க்கவா, வருஷ வளர்ச்சி பார்க்கவா, எத்தனை மரம் செத்தது என்று எண்ணவா? இதற்குப் பதில் தெரியாமல் கருவி வாங்க வேண்டாம்.

குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் இது தெளிவாகத் தெரியும். ஒட்டு ரப்பரில் ஒட்டு போட்ட இடத்திலிருந்து 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. வந்திருக்க வேண்டும், தோட்டத்தில் 70 சதவீத மரங்கள் அந்த அளவைத் தொட்டால் பால்வெட்டு தொடங்கலாம் என்பது ரப்பர் வாரியத்தின் நடைமுறை. இங்கே மரம் 53 செ.மீ. இருக்கிறதா 57 இருக்கிறதா என்பது தேவையே இல்லை. 50 செ.மீ.யில் முடிச்சுப் போட்ட ஒரு கயிறு போதும். முடிச்சு எட்டினால் ஒரு கணக்கு, எட்டாவிட்டால் இன்னொரு கணக்கு.

பிழை எவ்வளவு, எந்தப் பக்கம்? மரத்தின் கன அளவு சுற்றளவின் வர்க்கத்தோடு ஏறும். 60 செ.மீ. சுற்றளவு மரத்தில் 1 செ.மீ. தவறினால் கன அளவில் 3 சதவீதத்துக்கு மேல் தவறும். ஒரு மரத்தில் கூடவும் அடுத்த மரத்தில் குறையவும் வரும் பிழை, நூறு மரத்தைக் கூட்டும்போது பெரும்பாலும் அடித்துக்கொண்டு போய்விடும். எல்லா மரத்திலும் ஒரே பக்கம் சாயும் பிழை அப்படிப் போகாது. ஆயிரம் மரம் அளந்தாலும் அப்படியே நிற்கும். கேமரா வழிகளில் அதிகம் வருவது இந்த இரண்டாவது வகைதான்.

தோப்பு எப்படி? இடைவெளி, களை, கொடி, பட்டையின் தன்மை, வெளிச்சம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

வெளியே தெரியாத செலவு. கருவியின் விலையை எல்லோரும் கேட்கிறார்கள். படத்தைக் கணினியில் ஏற்றிச் சரிபார்க்கும் மணிக்கணக்கையும், படம் எடுக்கும் முன் களை எடுக்கும் கூலியையும் யாரும் கேட்பதில்லை.

எதிர்த்தரப்பு ஏற்குமா? விற்பனைக்கு என்றால் இதுதான் முதல் அளவுகோல். செயலி சொன்ன எண்ணை வைத்து எந்த மர வியாபாரியும் பணம் எண்ண மாட்டார். கண்ணெதிரே சுற்றிய டேப்பை இரண்டு பேரும் ஒப்புக்கொள்வார்கள்.

## டேப்

நிற்கும் மரத்தின் சுற்றளவை எடுக்கும் இடத்துக்கு மார்பளவு உயரம் என்று பெயர். இந்தியாவில் அது தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி. பல நாடுகளில் 1.3 மீட்டர். வெளிநாட்டுச் செயலி எதைப் பயன்படுத்தினாலும் அது எந்த உயரத்தை எடுத்துக்கொள்கிறது என்று முதலில் பாருங்கள். ஏழு செ.மீ. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் அடியில் புடைப்பு உள்ள தேக்கில் போன வருஷம் ஓர் உயரத்திலும் இந்த வருஷம் வேறு உயரத்திலும் அளந்தால் மரம் இளைத்துவிட்டது என்றுகூடக் கணக்கு வரும்.

3 மீட்டருக்கு 3 மீட்டர் நடவில் ஏக்கருக்குச் சுமார் 450 மரம். ஒருவர் டேப் பிடிக்க ஒருவர் எழுதினால் களை இல்லாத தோப்பில் அரை நாள் வேலை. செலவு இரண்டு ஆள் கூலி. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் இதற்கு மேல் எதையும் தேட வேண்டியதில்லை.

வருஷ வளர்ச்சி பார்க்க வேண்டும் என்றாலும் டேப்தான். தேக்கு ஒரு வருஷத்தில் சுற்றளவில் கூடுவது சில செ.மீ. மட்டுமே. கேமரா வழியில் விட்டத்தில் ஒரு செ.மீ. பிழை என்றால் அது சுற்றளவில் மூன்று செ.மீ.க்கு மேல், வளர்ச்சி முழுவதும் அந்தப் பிழைக்குள் மறைந்துவிடும். 1.37 மீட்டரில் பெயின்ட்டால் ஒரு வளையம் போட்டு, ஒவ்வொரு வருஷமும் அதே மாதத்தில், அதே வளையத்தின் மேல் டேப்பைச் சுற்றுங்கள். உரப் பாத்திக்கும் உரமில்லாத பாத்திக்கும் உள்ள வித்தியாசம் அப்போது தெரியும்.

டேப்பிலும் குறை உண்டு. தேக்கின் அடிமரத்தில் வரி வரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். டேப் பள்ளத்துக்குள் இறங்காமல் மேட்டிலிருந்து மேட்டுக்குத் தாண்டும், அதனால் சுற்றளவு கொஞ்சம் கூடத்தான் காட்டும். புடைப்பு முடிகிற இடத்துக்கு மேலே அளந்து, எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். ஏறிய கொடியை விலக்கிவிட்டுச் சுற்ற வேண்டும். சரிவில் நிற்கும் மரம் என்றால் மேட்டுப் பக்கத்தில் நின்று உயரம் பார்க்க வேண்டும்.

டேப்பின் பெரிய குறை வேறு. அது கை எட்டும் உயரத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் விலை தீர்மானமாவது அதற்கு மேலே.

## கைபேசிப் படமும் ஓர் அளவுகோலும்

தேக்கு விற்பனையில் கன அடி போடும் கணக்கு பலருக்கும் பழக்கமானது: கட்டையின் நடுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, அடிக்கணக்கு நீளத்தால் பெருக்கி, 2304 ஆல் வகுப்பது. நடுச் சுற்றளவு 36 அங்குலம், நீளம் 10 அடி என்றால் 5.6 கன அடி. அதே கட்டைக்கு 38 அங்குலம் என்றால் 6.3 கன அடி. இரண்டு அங்குலத்தில் 11 சதவீதம்.

வெட்டிக் கிடக்கும் கட்டையில் நடுவைச் சுற்றிப் பார்க்கலாம். நிற்கும் மரத்தில் அந்த நடு பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் இருக்கும். வியாபாரி அடியைச் சுற்றிப் பார்த்து, மேலே மெலிவதற்கு ஒரு கழிவு போடுவார். பேரம் முழுக்க அந்தக் கழிவில்தான் நடக்கிறது. விவசாயி தோற்பதும் பெரும்பாலும் அங்கேதான். கேமரா கைகொடுக்கும் இடம் இது.

கணக்கு எளிது. இன்றைய பெரும்பாலான போன்களின் முதன்மைக் கேமராவில் 12 மெகாபிக்சல் படம் எடுத்தால், 3 மீட்டர் தொலைவில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 1 மி.மீ.க்குச் சமம். 10 மீட்டரில் 3.3 மி.மீ. அங்கிருந்து 20 செ.மீ. விட்டமுள்ள தண்டு சுமார் 60 பிக்சல் அகலத்தில் விழும். இரண்டு ஓரத்திலும் ஒரு பிக்சல் தவறினாலும் 7 மி.மீ. பிழைதான். கன அளவில் அது 7 சதவீதம் வரும். குறைவில்லை, ஆனால் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்துச் சொல்லும் மதிப்பைவிட எவ்வளவோ மேல்.

எடுக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. போனை மேல்நோக்கிச் சாய்க்கக் கூடாது. செங்குத்தாக, மரத்துக்கு இணையாகப் பிடித்தால், அடியில் இருக்கும் பகுதிக்கும் மேலே இருக்கும் பகுதிக்கும் ஒரே அளவுக்கணக்கு பொருந்தும். சாய்த்துவிட்டால் மேலே போகப் போக எல்லாம் சின்னதாகத் தெரியும், அளவும் குறையும். சாய்க்காமலே 10 மீட்டர் தள்ளி நின்று நெட்டுவாக்கில் எடுத்தால் சுமார் 8 மீட்டர் உயரம்வரை படத்துக்குள் வந்துவிடும். தேக்கின் முதல் இரண்டு கட்டைக்கு அது தாராளம். அகலக்கோண லென்ஸ் வேண்டாம். அது ஓரங்களை இழுத்துக் காட்டும்.

அடுத்தது அளவுகோல் வைக்கும் இடம். இதில்தான் பெரும்பாலான கணக்குகள் கெடுகின்றன. சிவப்பும் வெள்ளையுமாகப் பத்துப் பத்து செ.மீ.க்குப் பெயின்ட் அடித்த குச்சியை மரத்தின் முன்பக்கத்தில் சாத்திப் படம் எடுப்பது வழக்கம். குச்சி கேமராவுக்கு அருகில் இருக்கிறது. மரத்தின் இரண்டு ஓரங்களும் அதற்குப் பின்னால் இருக்கின்றன. 30 செ.மீ. விட்டமுள்ள மரத்தை 2 மீட்டரிலிருந்து இப்படி எடுத்தால் கணக்கு 28 செ.மீ. என்றுதான் வரும். சுற்றளவில் 94 செ.மீ. இருக்க வேண்டியது 88 ஆகிவிடும். கன அளவில் 13 சதவீதம் போச்சு. இது எல்லா மரத்திலும் ஒரே பக்கம், விற்பவருக்கு நஷ்டமான பக்கம், சாயும் பிழை. 4 மீட்டருக்குத் தள்ளிப் போனாலும் ஒரு செ.மீ. குறையத்தான் செய்யும். குச்சியை மரத்தின் பக்கவாட்டில், தண்டின் பாதித் தடிமனுக்கு நேராக நிறுத்தினால் இந்தப் பிழை கிட்டத்தட்ட மறைந்துவிடும். கூடுதல் செலவு ஒரு பைசா இல்லை.

குச்சியில்லாமல் தொலைவை மட்டும் வைத்துக் கணக்கிடும் செயலிகளும் உண்டு. 3 மீட்டர் என்று நினைத்து 10 செ.மீ. முன்பின் நின்றால் விட்டத்தில் 3 சதவீதமும், கன அளவில் அதைப்போல இரு மடங்கும் தவறும். அதனால் குச்சியே மேல்.

படத்திலிருந்து தண்டின் ஓரத்தைப் பிரித்தெடுக்க இன்று நல்ல மென்பொருள் இருக்கிறது. கையால் பிக்சல் எண்ண இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளே போதும். தானாகப் பிரிப்பவை, வெயிலும் நிழலும் புள்ளி புள்ளியாக விழும் தோப்பில் தடுமாறுகின்றன. தைலமரத்தில் உரிந்து தொங்கும் பட்டையைத் தண்டு என்று சேர்த்துக்கொள்கின்றன. மேகமூட்டமான நேரத்தில், அல்லது வெயில் ஏறும் முன் எடுங்கள். மரத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்க ஆள் இருந்தால் ஓரம் கத்தி வெட்டினாற்போல் விழும். தண்டு முழு வட்டமாக இருக்காது என்பதால் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இரண்டு படம் எடுத்துச் சராசரி பார்க்கவும்.

மறைந்திருக்கும் செலவு, நேரம். மரத்துக்கு இரண்டு படம், பிறகு கணினியில் ஓரம் குறிப்பது என்று போனால் டேப் அரை நாளில் முடிக்கும் ஏக்கருக்கு இது சில நாள் இழுக்கும். அதோடு 3 மீட்டர் வரிசைக்குள் 10 மீட்டர் தள்ளி நிற்க இடம் கிடைப்பதும் அரிது, நடுவில் வேறு மரம் வந்துவிடும். வரப்போர மரம், தோப்பின் ஓர வரிசை, தனித்து நிற்கும் பெரிய மரம் ஆகியவற்றுக்கு இந்த வழி அருமை. உள்வரிசைக்கு, ஓர வரிசையில் கிடைத்த மெலிவு விகிதத்தை உத்தேசமாகக் கொண்டு டேப் அளவோடு சேர்த்துக்கொள்ளலாம். ஓர மரம் வெளிச்சம் பார்த்து வளர்ந்தது, உள்மரத்தைவிட அதிகம் மெலியும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

இன்னொரு பொறி: செயலிகள் காட்டும் கன அளவு பெரும்பாலும் உண்மையான உருளைக் கணக்கு. நம் மரக்கடைக் கணக்கு சுற்றளவை நாலால் வகுத்துச் சதுரமாக்குவது. அது உருளையில் 78.5 சதவீதம்தான் காட்டும். அதே 36 அங்குலம், 10 அடிக் கட்டைக்குச் செயலி 7.2 கன அடி என்று சொல்லும், வியாபாரி 5.6 என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இது தெரியாமல் விலை பேச உட்கார்ந்தால் சண்டைதான் வரும். எந்தக் கணக்கில் கன அடிக்கு என்ன விலை என்பதை முதலில் பேசி முடியுங்கள்.

## லைடார் உள்ள போன்

2020இல் வந்த ஐபேட் ப்ரோவிலும் ஐபோன் 12 ப்ரோவிலும் ஆப்பிள் லைடார் உணரியைச் சேர்த்தது. ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தொலைவை அளக்கும் கருவி இது. தொலைவு நேரடியாகக் கிடைப்பதால் குச்சி தேவையில்லை. முன்பக்கம், ஓரம் என்ற குழப்பமும் இல்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் உருவாக்கிய ஃபாரஸ்ட் ஸ்கேனர் என்ற இலவசச் செயலியில், போனைப் பிடித்தபடி நடந்து திரையில் தண்டைத் தொட்டால் விட்டமும் மரம் நிற்கும் இடமும் பதிவாகிவிடும். எழுத ஆள் வேண்டாம். தனி ஆளாகத் தோட்டம் பார்ப்பவருக்கு இது பெரிய வசதி.

எல்லை என்ன? சுமார் 5 மீட்டருக்குள்தான் பார்க்கும். நடுக்கட்டையின் சுற்றளவுக்கு, அதாவது கேமரா மிகவும் தேவைப்படும் இடத்துக்கு, இதன் கை நீளம் பற்றாது. ஒல்லி மரங்களில் தடுமாறும். இரண்டு மூன்று வயதுச் சவுக்கில் நம்ப வேண்டாம். நல்ல சூழலில்கூட ஓரிரு செ.மீ. விட்டப் பிழையை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட தூரம் நடந்தால் இடக்கணக்கும் மெல்ல நழுவும். இடுப்பளவு களை இருந்தால் மார்பளவு உயரத்தைக் கணிக்கத் தரை எங்கே என்று அதற்குத் தெரியாது.

விலையோ லட்சம் ரூபாயைத் தொடும், ப்ரோ வகைகளில் மட்டுமே கிடைக்கும். ஏற்கெனவே கையில் இருந்தால் பயன்படுத்துங்கள். மரம் அளக்க மட்டும் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## சுற்றிப் படமெடுத்து முப்பரிமாணம் ஆக்குவது

ஒரு மரத்தைச் சுற்றி நடந்து, ஒன்றோடொன்று முக்கால் பங்கு மேற்படியும்படி நாற்பது ஐம்பது படம் எடுத்தால், கோல்மேப் போன்ற இலவச மென்பொருள் அவற்றைக் கோத்து மரத்தின் முப்பரிமாணப் புள்ளிக்கூட்டத்தை உருவாக்கும். தேக்கின் பள்ளம்கூட அதில் தெரியும். டேப்பாலும் ஒற்றைப் படத்தாலும் முடியாத காரியம் அது. ஆனால் படங்கள் உருவத்தைத்தான் சொல்லும், அளவைச் சொல்லாது. தெரிந்த நீளமுள்ள குச்சிகள் குறைந்தது இரண்டு காட்சிக்குள் இருக்க வேண்டும்.

தேக்கு, சவுக்கு போன்ற சொரசொரப்பான பட்டையில் நன்றாக வரும். பட்டை உரிந்து வழவழவென்று நிற்கும் தைலமரத்தில் மென்பொருளுக்குப் பிடித்துக்கொள்ள அடையாளம் இல்லாமல் ஓட்டை விழும். நல்ல கிராபிக்ஸ் அட்டை உள்ள கணினி வேண்டும், மரத்துக்கு நிமிடங்கள் அல்ல, சில சமயம் மணிகள் ஆகும். வெட்டும் முன் ஒரு சந்தன மரத்தையோ முதிர்ந்த தேக்கையோ ஆவணப்படுத்தவும், ஒரு தோப்புக்கான மெலிவு அட்டவணை தயாரிக்கவும் ஏற்றது. தோட்டக் கணக்கெடுப்புக்கு வேண்டாம். மூன்று கால் வைத்த லேசர் ஸ்கேனரும் இதே வேலையை இன்னும் துல்லியமாகச் செய்யும். அது பல லட்சம் ரூபாய்க் கருவி, ஆராய்ச்சி நிறுவனங்களின் கையில் இருக்க வேண்டியது.

## ட்ரோன்

ட்ரோன் மரத்தின் தலையைப் பார்க்கிறது, தண்டைப் பார்ப்பதில்லை. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் ட்ரோன் சேவைக்காரர் காட்டும் வண்ண வண்ண வரைபடத்தில் மயங்க மாட்டீர்கள். தலைவிரிவிலிருந்து சுற்றளவை மதிப்பிடும் சூத்திரம் உண்டு. ஆனால் அது உங்கள் தோப்பில், உங்கள் ரகத்தில், உங்கள் இடைவெளியில் டேப்பால் அளந்த மரங்களை வைத்துச் சரிபார்க்கப்பட வேண்டும். அந்த டேப் வேலையைத் தவிர்க்கத்தானே ட்ரோனைக் கூப்பிட்டோம்?

உயரம் எடுப்பதிலும் ஒரு சிக்கல். மர உச்சியின் உயரத்திலிருந்து தரையின் உயரத்தைக் கழிக்க வேண்டும். தலைகள் மூடிய தோப்பில் சாதாரணக் கேமராவுக்குத் தரை தெரியாது. தேக்கில் இதற்கு இயற்கையே வழி தருகிறது. கோடையில் இலை உதிர்ந்து நிற்கும்போது ஒருமுறை பறந்தால் தரை கிடைக்கும், மழைக்குப் பின் இலை நிறைந்தபோது இன்னொரு முறை பறந்தால் உச்சி கிடைக்கும். அதாவது இரண்டு முறைக்கான கட்டணம். இலை உதிர்க்காத சவுக்கில் இந்த வழியும் இல்லை. அதன் மெல்லிய கிளைகள் காற்றில் ஆடுவதால் உச்சியும் சரியாக வராது. மீட்டருக்கு மீட்டர் நட்ட சவுக்கில் மரத்தை எண்ணுவதே முடியாது, தலைகள் எல்லாம் ஒன்றாகிவிடும்.

பிறகு அனுமதி. 2021 ட்ரோன் விதிகளின்படி தொழில் முறையில் பறக்க, 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனுக்கு விமானிச் சான்றிதழ் வேண்டும். டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் உங்கள் நிலம் பச்சை மண்டலத்தில், அதாவது பறக்க முன் அனுமதி தேவைப்படாத பகுதியில், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூலூர், தஞ்சாவூர் விமானப்படைத் தளங்களின் சுற்றுவட்டாரத்தில் தோப்பு இருந்தால் சேவைக்காரருக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே இதைப் பாருங்கள். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. சொந்தமாக வாங்க நினைப்பவர்கள் பழுதுபார்ப்பையும் உதிரிபாகத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும் ட்ரோன் நிகரில்லாமல் நிற்கும் இடம் உண்டு. நட்ட இரண்டு வருஷத்துக்குள் எத்தனை கன்று பிழைத்தது, எங்கே இடைவெளி விழுந்தது, எந்த மூலையில் தண்ணீர் தேங்கி வளர்ச்சி குன்றியது என்பதை மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டபோது தோப்புக்குள் நடக்கவே வழியில்லாமல் கிடந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் விழுந்ததையும் நிற்பதையும் எண்ணி இழப்பைக் காட்ட வானத்திலிருந்து எடுத்த படத்தைப் போன்ற சான்று வேறில்லை. புயலுக்கு முன் எடுத்த ஒரு படமும் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

## சவுக்கும் தைலமரமும் வைத்திருப்பவர்களுக்கு

கரூர் புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை உட்பட, காகித ஆலைகள் மரத்தை டன் கணக்கில்தான் வாங்குகின்றன. எடைமேடை சொல்வதுதான் பணம். விற்கும் முன் உத்தேச டன் தெரிந்தால் போதும்: தோப்பில் சில இடங்களில் பத்து மீட்டர் சதுரம் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் டேப்பால் அளந்தால் கிடைத்துவிடும். கேமராவுக்குச் செலவழிக்கும் காசை, வெட்டிய மரம் உடனே லாரி ஏற வழி செய்வதில் போடுங்கள். வெட்டிப் போட்ட மரம் காய்ந்து எடை இழக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் பணம்தான் ஆவியாகிறது.

## ஒரே பார்வையில்

| வழி | சுற்றளவு | கை எட்டாத பகுதி | வெளியே தெரியாத செலவு | எப்போது ஏற்றது |
|---|---|---|---|---|
| டேப் | மிக நன்று | முடியாது | ஆள் கூலி, களை எடுப்பு | விற்பனை, வருஷ வளர்ச்சி, சிறு தோப்பு |
| போன் படம், குச்சி | குச்சி சரியான இடத்தில் இருந்தால் நன்று | நன்று | கணினி நேரம், பின்னால் நிற்க இடம் | வரப்போர மரம், நடுக்கட்டைப் பேரம் |
| லைடார் போன் | ஓரிரு செ.மீ. பிழை | 5 மீட்டருக்குள் மட்டும் | போன் விலை, களை எடுப்பு | தனி ஆள், நடுத்தரத் தோப்பு |
| முப்பரிமாணப் படத்தொகுப்பு | பள்ளம்வரை தெரியும் | ஓரளவு | மணிக்கணக்கில் கணினி | விலை உயர்ந்த தனி மரம் |
| ட்ரோன் | நேரடியாகக் கிடையாது | உயரம், தலைவிரிவு | இருமுறைப் பறப்பு, அனுமதி | எண்ணிக்கை, இடைவெளி, புயல் சேதம் |

## நாற்பது ஏக்கர், நூறு ஏக்கர் என்றால்

நூறு ஏக்கரில் 45,000 மரம். எல்லாவற்றையும் டேப்பால் சுற்ற முடியாது, உண்மைதான். அதனால் எல்லாவற்றையும் கேமராவால் அளக்க வேண்டும் என்று ஆகிவிடாது. ஒரே வயது, ஒரே ரகத் தோப்பில் மரத்துக்கு மரம் விட்டம் 20 சதவீதம் அளவுக்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். குலுக்கிப் போட்டுத் தேர்ந்த 50 மரத்தை அளந்தாலே சராசரியில் எதிர்பார்க்கும் பிழை 3 சதவீதத்துக்குள் வந்துவிடும். 200 மரம் அளந்தால் ஒன்றரைச் சதவீதத்துக்குக் கீழே. ஒரே பக்கம் 6 சதவீதம் சாயும் கேமராவால் 45,000 மரத்தையும் அளந்தாலும் அந்த 6 சதவீதம் குறையாது.

பெரிய தோட்டத்துக்கு நான் சொல்வது கூட்டு வழி. ட்ரோன் மரத்தை எண்ணட்டும், தோப்பை நன்றாக வளர்ந்தது, சுமாராக வளர்ந்தது, குன்றியது என்று பிரித்துக் காட்டட்டும். ஒவ்வொரு பிரிவிலும் ஐம்பது அறுபது மரத்தை டேப்பால் அளங்கள். பாதைக்குப் பக்கத்து மரங்களை மட்டும் அளந்தால் ஏமாற்றம்தான். அவை எப்போதும் பருமனாகத்தான் இருக்கும். பிளைவுட் ஆலை கேட்கும் குறைந்தபட்சச் சுற்றளவை எத்தனை மரம் தாண்டியது என்பது இதிலேயே தெரிந்துவிடும். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி, கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் ஆகியவற்றின் பக்கத்தில் இருப்பவர்கள், தங்கள் ரகத்துக்கான கன அளவு அட்டவணை இருக்கிறதா என்று அங்கே கேட்டுப் பார்க்கலாம். வட ஐரோப்பாவில் பைன், ஸ்ப்ரூஸ், பிர்ச் மரங்களுக்காகச் செய்த செயலியின் அட்டவணையை மலைவேம்புக்குப் போட்டால் சரிவராது.

## காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை

எந்தச் செயலியாக இருந்தாலும், எந்தச் சேவைக்காரராக இருந்தாலும், உங்கள் தோப்பிலேயே சோதித்துப் பாருங்கள். ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று கலந்து முப்பது மரம் எடுத்து எண் போடுங்கள். நீங்கள் டேப்பால் அளந்து தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எதிராளிக்குச் சொல்ல வேண்டாம். அவர் கேமராவால் அளக்கட்டும். பிறகு ஒவ்வொரு மரத்துக்கும் கேமரா அளவிலிருந்து டேப் அளவைக் கழித்து, கூடுதலா குறைவா என்ற குறியோடு எழுதுங்கள்.

கூடுதலும் குறைவும் கலந்து வந்து சராசரி பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் தோப்பின் மொத்தக் கணக்குக்கு அந்தக் கருவியை நம்பலாம். எல்லாம் குறைவாகவே வந்து, மரம் பருக்கப் பருக்கக் குறைவும் கூடினால் குச்சி முன்பக்கத்தில் இருந்திருக்கிறது. இடத்தை மாற்றி மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ஒல்லி மரத்தில் மட்டும் தாறுமாறாக வந்தால் கருவியின் கூர்மை போதவில்லை, அந்த வயதுத் தோப்புக்கு அது வேண்டாம். சோதனைக்கே சம்மதிக்காதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.